ஆனைமலையிலிருந்து டூரின் வரை: கோகோ விதையின் பின்னால் எட்டு நாட்கள்

அக்டோபர் 6, திங்கள்: ஸான்டாம், நெதர்லாந்து

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். ஸான் ஆற்றங்கரை ஊரில் இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் வாசனை வந்துவிட்டது. கோகோ வறுபடும் வாசனை. கடையில் சாக்லேட் உறையைப் பிரித்ததும் வருமே, அந்த இனிப்பு வாசனை அல்ல. காப்பிக் கொட்டை வறுக்கும் இடத்தில் யாரோ வெண்ணெய் உருக்குவது போன்ற, தொண்டை வரை இறங்கும் கனமான மணம். காலையிலிருந்து தூறல் விடவில்லை. நனைந்த காற்றில் அந்த மணம் தெருவோடு தெருவாகத் தங்கி நின்றது.

நாயுடன் நடந்துவந்த பெரியவர் ஒருவர், நான் குடையை மடக்கிவிட்டு நிற்பதைப் பார்த்து நின்றார். கோகோவா என்று கேட்டேன். "காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கொடியில் காயும் துணி எல்லாம் இப்படித்தான் மணக்கும்" என்றார். ஆற்றோரமாக நடந்தால் ஆலைகள் தெரியும் என்று சொல்லி, அடுத்த முனை வரை கூடவே வந்து வழிகாட்டிவிட்டுத் திரும்பினார்.

நான் எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தென்னந்தோப்பு ஆனைமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அப்பா தென்னைகளுக்கு நடுவே கோகோவை ஊடுபயிராக வைத்தார். காய் பறிப்பது, கட்டையால் தட்டிப் பிளப்பது, வெள்ளைச் சதையோடு விதைகளை வழித்து வாளியில் போடுவது எல்லாம் சிறு வயதிலிருந்தே எனக்குப் பழக்கம். அன்று மாலையே ஈர விதையாக எடை போட்டுக் கொடுத்துவிடுவோம். அதற்குப் பிறகு அந்த விதைக்கு என்ன நடக்கிறது என்பதை நான் பார்த்ததே இல்லை. மூன்று ஆண்டுச் சேமிப்பை எடுத்துக்கொண்டு அதைப் பார்க்கத்தான் கிளம்பினேன்.

உலகிலேயே மிக அதிகமாகக் கோகோ வந்திறங்கும் துறைமுகம் ஆம்ஸ்டர்டாம். அங்கிருந்து இந்த ஆற்றங்கரை ஆலைகளுக்கு வந்து அரைபடுகிறது. உள்ளே யாரையும் விடுவதில்லை. ஆனால் இந்த வேலைக்கு அடித்தளம் போட்டவர்களும் இந்த நாட்டுக்காரர்கள்தான். கோகோப் பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. அரைத்தால் குழம்பாகிவிடும், நீரில் கரைத்தால் மேலே எண்ணெய் மிதக்கும். வான் ஹௌட்டன் குடும்பத்தார் 1828இல் உரிமம் வாங்கிய அழுத்த இயந்திரம் அந்தக் கொழுப்பில் பெரும் பகுதியைப் பிழிந்து எடுத்தது. நம் ஊர்ச் செக்கில் எண்ணெய் ஒரு பக்கம், புண்ணாக்கு ஒரு பக்கம் என்று பிரிவதைப் போலத்தான். கோகோப் புண்ணாக்கைப் பொடித்தால் நாம் பாலில் கலக்கும் கோகோ பவுடர். பிழிந்த கொழுப்புதான் கோகோ வெண்ணெய். அதை அரைத்த பருப்பிலும் சர்க்கரையிலும் கூடுதலாகச் சேர்த்தபோதுதான் குடிக்கும் பண்டமாக இருந்த சாக்லேட் அச்சில் வார்த்துக் கடிக்கும் பண்டமாயிற்று. 1847இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை நிறுவனம் அதைச் செய்தது.

இரவு ராட்டர்டாமில் பெரியம்மா மகள் வீட்டில் தங்கினேன். நாளைய பயணத்துக்கு அக்கா புளிச்சோறு கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 7, செவ்வாய்: பிரஸ்ஸல்ஸ்

கண்ணாடிக் கூரை போட்ட நீண்ட கடைவீதி, 1847இல் திறந்தது. அங்கே 1857இல் ஜான் நியூஹாஸ் என்பவர் மருந்துக்கடை வைத்தார். கசப்பு மருந்துகளைச் சாக்லேட்டில் தோய்த்துக் கொடுத்தாராம். அவருடைய பேரன் 1912இல் மருந்துக்குப் பதிலாக உள்ளே இனிப்புப் பூரணத்தை வைத்தார். பெல்ஜியத்தின் பிரலின் அப்படிப் பிறந்தது. நம் கொழுக்கட்டைபோல வெளியே ஓடு, உள்ளே பூரணம். கூம்புப் பொட்டலத்தில் போட்டால் அடியில் இருப்பவை நசுங்கிவிடுகின்றன என்று அவருடைய மனைவி 1915இல் அட்டைப் பெட்டி ஒன்றை வடிவமைத்தார். இன்றும் ஊர் முழுக்க அந்தப் பெட்டிதான்.

ஒரு கடையில் கால் கிலோ பெட்டி 24 யூரோ. நம் பணத்தில் இரண்டாயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. வெள்ளைக் கையுறை போட்ட பெண் ஒவ்வொரு பிரலினையும் விரல் நுனியால் எடுத்து வரிசை பிசகாமல் அடுக்கினாள். கூட்டம் நெருக்கியும் அவள் கை அவசரப்படவில்லை. அடுக்கி முடித்ததும் ஒன்றை எடுத்து, "இது கணக்கில் இல்லை, உங்களுக்கு" என்று என்னிடம் நீட்டினாள்.

இந்த ஊரில் ஒன்றை விளங்கிக்கொண்டேன். கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால் நிற்பவர்களில் பெரும்பாலோர் கோகோ விதையைத் தொடுவதே இல்லை. பெரிய ஆலைகளில் தயாரான சாக்லேட்டை வாங்கி, உருக்கி, வார்த்து, பூரணம் வைக்கிறார்கள். இந்நாட்டின் வீஸ் என்ற ஊரில் இருக்கும் கேலபோ ஆலைதான் உலகிலேயே பெரிய சாக்லேட் ஆலை. பூரணம் வைப்பதும் தேர்ந்த கைவேலைதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் தேடிவந்தது விதையை. விதையிலிருந்தே தொடங்கும் சிலருக்கு இரண்டு மாதங்களுக்கு முன் மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார். நாளை அங்கே.

இரவு உணவு, காகிதக் கூம்பில் சுடச்சுட உருளைக்கிழங்கு வறுவல், 5 யூரோ. மாட்டுக் கொழுப்பில் இரண்டு முறை பொரிக்கிறார்கள். மொறுமொறுப்பு கடைசித் துண்டு வரை போகவில்லை.

அக்டோபர் 8, புதன்: பிரஸ்ஸல்ஸ்

கதவு திறந்ததும் என் காதில் விழுந்தது கல் உருளும் சத்தம். கறகறவென்று, நடுவில் ஒரு தட்டுத் தட்டி, மீண்டும் கறகற. சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து வரும் அதே சத்தம். என் கால்கள் தானாகவே அந்த அறைக்குப் போயின. மேசைமேல் வரிசையாக மூன்று கிரைண்டர்கள். எஃகுப் பாத்திரம், அடியில் கருங்கல், மேலே இரண்டு கல் உருளைகள். இட்லி மாவுக்குப் பதிலாகப் பழுப்பு நிறக் குழம்பு பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பக்கவாட்டுத் தகட்டைக் குனிந்து படித்தேன். கோயம்புத்தூர்.

பட்டறையை நடத்தும் அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். நான் பொள்ளாச்சிப் பக்கம் என்று சொன்னதும் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். விதையிலிருந்து சாக்லேட் செய்யும் சிறு பட்டறைகள் உலகம் முழுக்க இந்தக் கிரைண்டரை நம்பித்தான் தொடங்கின என்றார். வலுவான மோட்டார் வைத்து, நாட்கணக்கில் நிற்காமல் ஓடும்படி நம் ஊர்க்காரர்கள் இதை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய ஆலையின் லட்சக்கணக்கான யூரோ இயந்திரம் செய்யும் வேலையை, மூன்று நாள் பொறுமை இருந்தால் இது செய்துவிடுகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

வேலையை முதலிலிருந்து காட்டினார். மடகாஸ்கர் விதை. 130 டிகிரிக்கு நெருக்கமாக அரை மணி நேரம் வறுக்கிறார். உடைத்து, காற்று வீசும் குழாயில் விடுகிறார். தோல் பறந்துபோகிறது, பருப்பு கீழே விழுகிறது. முறத்தில் புடைப்பதுதான், காற்று மட்டும் மோட்டாரிலிருந்து வருகிறது. முதல் கிரைண்டரில் இன்று காலை போட்டது. ஒரு துளியைக் கரண்டி நுனியில் எடுத்து என் நாக்கில் வைத்தார். மணல் மணலாக நெருடியது. காடி (வினிகர்) நெடி மூக்கில் ஏறியது. இரண்டாவது, நேற்றுப் போட்டது. நெருடல் குறைந்து கசப்பும் இனிப்பும் தனித்தனியாகத் தெரிந்தன. மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை போட்டது. நாக்கில் எதுவுமே தட்டுப்படவில்லை. கடைசியில் நாவற்பழம் தின்றாற்போல ஒரு புளிப்பு மட்டும் நின்றது. துகள் இருபது மைக்ரானுக்குக் கீழே போய்விட்டால் நாக்கால் அதைப் பிரித்தறிய முடியாதாம்.

"காடி நெடி எங்கே போனது?" என்று கேட்டேன்.

"அது உங்கள் தோப்பில் சேர்ந்தது, இங்கே ஆவியாகப் போகிறது" என்றார். பிறகு பலகையில் பத்து விதைகளை வைத்து, ஒவ்வொன்றையும் கத்தியால் நீளவாக்கில் பிளந்தார். எட்டு விதைகளில் உட்புறம் பழுப்பு நிறம், மூளையின் மடிப்புகளைப் போல வெடிப்புகள். இரண்டில் ஊதா. பழுப்பானவை நன்றாகப் புளித்தவை. ஊதா, பாதி புளித்தவை. கசப்பும் துவர்ப்பும் போகாது. காயை உடைத்ததும் விதையைச் சதையோடு குவித்து மூடினால், முதலில் சர்க்கரை சாராயமாகிறது. கிளறிவிட்டுக் காற்றுப் படவைத்தால் சாராயம் காடியாகிறது. குவியலின் சூடு 45 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் விதையின் முளை செத்து, உள்ளே இருக்கும் பொருள்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. அந்த ஐந்தாறு நாட்களில் என்ன சேர்கிறதோ, அதைத்தான் வறுக்கும்போது மணமாக வெளியே எடுக்கலாம். சேராததை எந்த இயந்திரமும் சேர்க்காது.

எங்கள் விதையை நாங்கள் எத்தனை நாள் வைக்கிறோம் என்று கேட்டார். அன்றே கொடுத்துவிடுகிறோம் என்றேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "அப்படியானால் சமையலின் முதல் பாதியை வேறு யாரோ செய்கிறார்கள்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் விடுதிக்கு நடந்து வரும் வழி முழுக்க அந்தச் சொல் கூடவே வந்தது.

அக்டோபர் 9, வியாழன்: கொலோன், ஜெர்மனி

காலை ரயில் ரத்து. அடுத்ததும் தாமதம். நடைமேடையில் இரண்டரை மணி நேரம் குளிரில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றில் மிச்சம் இருந்தது. பக்கத்தில் இருந்த பாட்டியிடம் நீட்டினேன். ஒரு வாய் உண்டு, கண்ணை மூடித் தலையாட்டினார். பையிலிருந்து ஆப்பிளை எடுத்துச் சரிபாதியாக அறுத்து எனக்கு ஒரு பாதி கொடுத்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. ரயில் வரும் வரை அது தேவைப்படவும் இல்லை.

சாக்லேட் அருங்காட்சியகம் ரைன் நதிக்குள் கப்பலைப் போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஹான்ஸ் இம்ஹோஃப் என்ற ஆலை முதலாளி 1993இல் திறந்தது. மூன்று மீட்டர் உயரச் சாக்லேட் ஊற்றின் அருகில் ஊழியர் ஒருவர் வேஃபரைத் தோய்த்துத் தோய்த்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் இரண்டாவது முறை வரிசையில் வந்ததைக் கண்டும் காணாதவர்போல இருந்தது அவருடைய நல்ல குணம்.

நான் அதிக நேரம் நின்றது கண்ணாடி வீட்டுக்குள். வெளியே பத்து டிகிரி. உள்ளே நுழைந்ததும் எங்கள் தோப்பின் புழுக்கம், ஈர மண் வாடை. கோகோ மரங்கள். தண்டிலேயே ஒட்டிக்கொண்டு பூக்கும் அந்தச் சின்னப் பூ. இலைகள் நம் ஊர் மரங்களைவிடச் சற்று வெளிறியிருந்தன.

ஒருவர் தம் இரண்டு பிள்ளைகளுக்குக் காயைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கானா நாட்டுக்காரர், குமாசிக்கு அருகில் பிறந்தவர், இங்கே பஸ் ஓட்டுகிறார். எங்களிடமும் இந்த மரம் இருக்கிறது என்று சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "அணிலுக்கு என்ன செய்கிறீர்கள்?" என்பதுதான். அரை மணி நேரம் அந்தப் புழுக்கத்திலேயே நின்று பேசினோம். அவர்கள் ஊரில் விதையைப் புளிக்க வைக்கப் பெட்டி கிடையாது. வாழை இலைகளை விரித்து, ஈர விதையைக் குவித்து, மேலேயும் இலையால் மூடிவிடுவார்கள். இரண்டாம் நாளும் நான்காம் நாளும் புரட்டுவார்கள். ஆறாம் நாள் மூங்கில் தட்டியில் பரப்பி வெயிலில் உலர்த்துவார்கள். கையை விட்டால் சுட வேண்டும், சுடாவிட்டால் குவியல் போதவில்லை என்று அவருடைய பாட்டி சொல்வாராம். அங்கே விலையை அரசின் கோகோ வாரியம் அறிவிக்கிறது. 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் டன் 12,000 டாலரைத் தாண்டியதும், 2025 அக்டோபருக்குள் ஏறக்குறைய பாதியாக இறங்கிவிட்டதும் இருவருக்கும் தெரிந்த கதை. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் அவருடைய நாட்டிலும் பக்கத்து ஐவரி கோஸ்ட்டிலும் விளைகிறது. அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கண்டுபிடித்தவர் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. வாழை இலையில் மூடலாம் என்று முதலில் கண்டவர் பெயர் யாருக்குத் தெரியும்? என்னைப் பொறுத்தவரை அவரும் சாக்லேட்டைத் தேய்த்து அசைக்கும் இயந்திரத்தைச் செய்த லின்ட்டுக்குக் குறைந்தவர் அல்ல.

அக்டோபர் 10, வெள்ளி: கொலோனிலிருந்து ஸ்விட்சர்லாந்துக்கு

பிரஸ்ஸல்ஸ் பெட்டியை இரவு ஜன்னல் திண்டில் வைத்திருந்தேன். திண்டுக்குக் கீழே ஹீட்டர். காலையில் எல்லாப் பிரலின்களும் குழைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ரயிலில் குளிர்ந்து மீண்டும் இறுகின. மாலையில் திறந்து பார்த்தால் சாம்பல் பூத்திருந்தன. பளபளப்புப் போய், உடைத்தால் டக்கென்ற சத்தம் இல்லை.

கெட்டுப்போகவில்லை. கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது விதத்துக்குத்தான் பளபளப்பும், உடையும் ஓசையும், வாயில் மட்டும் உருகும் குணமும் உண்டு. கறுப்புச் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 28க்கு இறக்கி, மீண்டும் 31, 32க்கு ஏற்றி அந்தப் படிகத்தை மட்டும் நிற்கவைக்கிறார்கள். பாகு பதம் பார்ப்பதைப் போன்ற வேலை. ஓர் இரவு ஹீட்டர் அந்தப் பதத்தை முழுக்கக் கலைத்துவிட்டது. கையுறை போட்ட அந்தப் பெண்ணின் வரிசையை நினைத்து வருத்தமாக இருந்தது.

பெர்னில் ரயில் மாறினேன். இங்கேதான் ருடால்ஃப் லின்ட் 1879இல் சங்கு வடிவத் தொட்டியில் சாக்லேட்டை நாட்கணக்கில் தேய்த்து அசைக்கும் இயந்திரத்தைச் செய்தார். வார இறுதியில் அணைக்க மறந்து போய்விட்டார், திங்கள்கிழமை வந்து பார்த்தால் பட்டுப்போல ஆகியிருந்தது என்று சொல்வார்கள். கதை எப்படியோ, காடி நெடி பறந்துபோவதும், ஒவ்வொரு துகளையும் கோகோ வெண்ணெய் போர்த்திக்கொள்வதும் அந்தத் தொட்டியில்தான். பிரஸ்ஸல்ஸில் அந்த மூன்று கிரைண்டர்களில் நான் ருசித்துப் பார்த்தது அதைத்தான். ரயில் நிலையத்தில் ஒரு காப்பி 5 ஃப்ராங்க், கழிப்பறைக்கு 2 ஃப்ராங்க்.

அக்டோபர் 11, சனி: ப்ரோக்

கய்யே சாக்லேட் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே ரயில் நிற்கிறது. சுற்றிலும் பச்சை மேடு, மணி கட்டிய மாடுகள், மலை உச்சியில் மூடுபனி. கய்யே குடும்பம் 1819இல் வெவே நகருக்கு அருகில் தொடங்கிய சாக்லேட் தொழிலைப் பேரன் 1898இல் பாலுக்காகவே இந்தக் கிராமத்துக்குக் கொண்டுவந்தார்.

பால் சாக்லேட்டைக் கண்டது அந்தக் குடும்பத்து மருமகன் டேனியல் பீட்டர். மெழுகுவத்தி செய்துகொண்டிருந்தவர், மண்ணெண்ணெய் விளக்கு வந்ததும் தொழில் படுத்துவிட்டது, மாமனார் தொழிலுக்கு வந்தார். பாலில் பெரும்பங்கு தண்ணீர். சாக்லேட்டில் தண்ணீர் பட்டால் திரிந்து கட்டியாகிவிடும், வைத்தால் பூஞ்சை பிடிக்கும். தண்ணீரைப் போக்க அவருக்கு எட்டு ஆண்டுகள் ஆயின, 1875இல்தான் கைகூடியது. இந்த ஆலையில் இன்றும் பால் பவுடர் இல்லை. அக்கம்பக்கத்துப் பண்ணைப் பாலைச் சுண்டக் காய்ச்சிச் சேர்க்கிறார்கள். ருசித்ததும் தெரிந்துவிட்டது. திரட்டுப்பாலின் அடிப்பிடித்த ஓரம்போல ஒரு சுவை.

ருசி பார்க்கும் அறையில் தட்டுத் தட்டாக வைத்திருக்கிறார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம். நான் கடித்துக் கடித்து விழுங்குவதைப் பார்த்த உள்ளூர்ப் பாட்டி ஒருவர் என் தோளைத் தொட்டு, பல்லைக் காட்டித் தலையை அசைத்தார். நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக் காட்டினார். அப்படியே செய்தேன். அரை நிமிடத்தில் தானாகக் கரைந்தது. ஆறு துண்டுக்கு மேல் முடியவில்லை. மதியம் கிராமத்துக் கடையில் முட்டை வெள்ளைக் கருவில் செய்த மெரிங், மேலே கரண்டி செங்குத்தாக நிற்கும் அளவுக்குக் கெட்டியான பாலேடு. 12 ஃப்ராங்க். அதன்பின் இரவு எதுவும் உண்ணவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு: வெவே

ஏரிக்கரையில் நடந்தேன். கடைகள் மூடியிருந்தன. கால் வலிக்கிறது. துணி துவைத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்: டூரின், இத்தாலி

நல்ல வெயில். வளைவு மண்டபங்கள் தெருவின் இருபுறமும் ஓடுகின்றன; வெயில் படாமலேயே ஊரைச் சுற்றிவிடலாம்.

1806இல் நெப்போலியன் ஆங்கிலேய வணிகத்தைத் தடுத்தபோது கோகோ கிடைப்பது அரிதாகி விலை ஏறியது. இந்தப் பகுதியின் மலைச்சரிவுகளில் ஹேசல்நட் கொட்டை தாராளம். அதை வறுத்து அரைத்துக் கலந்து கோகோவை மிச்சம் பிடித்தார்கள். பஞ்சத்துக்குச் செய்த அந்தக் கலவைதான் ஜியாண்டுயா. 1865 திருவிழாவில் கவிழ்த்த படகு வடிவத்தில், தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். இன்று அது வசதியான பண்டம். ஒரு கடையில் 100 கிராம் 7 யூரோ. கொட்டையின் எண்ணெயால் விரல் சூட்டுக்கே இளகிவிடுகிறது. அவசரமாகச் சுற்றித் தர வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லி, இந்த முறை வெயில் படாத இடத்தில் வைத்துக்கொண்டேன்.

1763இல் தொடங்கிய அல் பிச்செரின் கபேயில் பளிங்கு மேசையில் இடம் கிடைத்தது. கண்ணாடிக் கோப்பையில் காப்பியும் சாக்லேட்டும் சேர்ந்து கறுப்பாக ஓர் அடுக்கு, மேலே குளிர்ந்த பாலேடு வெள்ளையாக ஓர் அடுக்கு. கலக்கக் கூடாது. முதல் வாயில் குளிர், அதற்குள்ளிருந்து சூடு, பின்னால் கசப்பு.

அங்கே உட்கார்ந்தே அப்பாவைக் கூப்பிட்டேன். ஊரில் மாலை ஆறரை. பிரஸ்ஸல்ஸில் பிளந்த விதைகளையும், குமாசிக்காரர் சொன்ன வாழை இலையையும் சொன்னேன். ஒரு பெட்டி வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாமல் இல்லை, அம்மிணி" என்றார். "செடி கொடுக்கும்போதே துறைக்காரர் புளிக்க வைப்பதைச் சொல்லிக் கொடுத்தார். முதல் வருஷம் வைத்தும் பார்த்தேன். நம் தோப்பில் ஒரு வாரத்துக்கு முப்பது கிலோதான் ஈர விதை வரும். அந்தக் குவியல் சூடேறவே இல்லை. பூஞ்சை பிடித்து மொத்தமும் போயிற்று. அதிலிருந்துதான் ஈரமாகவே கொடுக்கிறேன்."

கையை விட்டால் சுட வேண்டும் என்ற அந்தப் பாட்டியின் கணக்கு அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. நான்தான் இத்தனை ஆண்டுகளில் ஒரு முறையும் கேட்கவில்லை.

பக்கத்துத் தோப்பு மாமாவிடம் கேட்டால் என்ன என்றேன். அவர்களுக்கும் அதே முப்பது நாற்பது கிலோதான். இன்னொரு தோப்பும் சேர்ந்தால் நூறு தாண்டும். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, பழைய கொட்டகையில் பலாப் பலகை எத்தனை கிடக்கிறது என்று கேட்பது எனக்குக் கேட்டது.

"ஆணி அடிக்கக் கூடாது, காடி இரும்பை அரித்துவிடும். பொருத்தித்தான் செய்ய வேண்டும்" என்றார் என்னிடம். "அடியில் நீர் வடிய ஓட்டை போட வேண்டும். நீ வந்து சேர், ஆசாரியை வரச் சொல்கிறேன். வாழை இலைக்கு நமக்கு என்ன குறை?"